புலம்பெயர் சீனரின் மொழிப் பாடசாலைகள்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மொழிக்கும் சமூகத்திற்குமிடையே நிலவும் உறவினை ஆராயப் புகுவோர், தாம் பிறந்த மண்ணினின்றும் பெயர்ந்து பிறிதொரு மண்ணில் வாழத் தலைப்பட்ட மக்களின் மொழி நிலையைக் கருத்திற் கொள்ளாதிருத்தல் இயலாது. சொந்த மண்ணில் ஒரு மொழி தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படுவதை எவரும் தனியே கவனிப்பதில்லை. வயலிலும் சந்தையிலும் அடுக்களையிலும் அது தானாகவே நிகழ்ந்துவிடுகின்றது. புலம்பெயர்ந்த இடத்திலோ அதே செயலுக்குக் கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும், பணம் வேண்டும். இயல்பாக நிகழ்ந்த ஒன்று நிறுவனமாக மாறும்பொழுது, அதுவரை மறைந்து கிடந்த சமூக உறவுகள் வெளிப்படையாகத் தெரியத் தொடங்குகின்றன. இவ்வகையில், ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய சீனர் தம் பிள்ளைகளுக்கென நடத்திவந்துள்ள மொழிப் பாடசாலைகள் எமது கவனத்திற்குரியனவாகின்றன.

இப்பாடசாலைகளுக்கு வழங்கும் பொதுவான விளக்கங்கள் மூன்று. சீனர் கல்வியைப் போற்றும் கொன்பியூசிய மரபினர் என்பது ஒன்று. தாய்நாட்டின்பாற் கொண்ட பற்றே காரணம் என்பது மற்றொன்று. வந்தேறிய நாட்டுடன் கலக்க விரும்பாத பிடிவாதத்தின் சின்னமே இப்பாடசாலை என்பது பகைமை கொண்டோர் கூற்று. முதலிரண்டும் புகழ்ச்சியாகவும் மூன்றாவது இகழ்ச்சியாகவும் அமையினும், அடிப்படையில் மூன்றும் ஒன்றே. மூன்றும் பண்பாட்டினை மாறாத ஒரு சாராம்சமாகக் கொண்டு, அதனையே காரணமாக்குகின்றன. ஆயின், மாறாத ஒன்றைக் கொண்டு மாறுவதை விளக்க முடியாது. இப்பாடசாலைகள் ஒரு காலத்திற் செழித்தன; பின்னர் மங்கின; மீண்டும் வேறொரு வடிவிற் பெருகின. பயிற்றப்பட்ட மொழிவழக்கும் எழுத்தும் பிள்ளைகளின் வர்க்கமுங்கூட மாறின. இம்மாற்றங்களை அவற்றின் பொருளியல், அரசியற் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவற்றை இன்று ‘மரபுரிமை மொழி’ப் பாடசாலைகள் என்பர். கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு 1977இல் இப்பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பின்னரே இச்சொல் ஐக்கிய அமெரிக்கக் கல்வியாளரிடையே பரவலாயிற்று. சம்பந்தப்பட்ட மக்களோ இதனைச் ‘சீனப் பாடசாலை’ என்றும், பகலிற் செல்லும் அரசாங்கப் பாடசாலையை ‘அமெரிக்கப் பாடசாலை’ என்றும் எளிமையாகக் குறிப்பிட்டனர். ஒரே பிள்ளை ஒரே நாளில் இரு நாடுகளின் பெயர் தாங்கிய இரு பாடசாலைகளுக்குச் சென்றது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

1. விலக்குச் சட்டமும் பாடசாலையின் தோற்றமும்

கலிபோர்ணியாவில் 1848இற் பொன் கண்டெடுக்கப்பட்டதன் பின்னரே சீனர் பெருந்தொகையினராக அங்கு சென்றனர். 1860களில் மேற்குக் கரையிலிருந்து கட்டப்பட்ட இருப்புப்பாதையில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் மலையைக் குடைந்து பாதை அமைத்தனர். இவர்களிற் பெரும்பாலோர் தென்சீனாவின் குவாங்டுங் மாகாணத்தில், முத்தாற்றுக் கழிமுகப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுள்ளும் தொய்சான் முதலிய நான்கு மாவட்டத்தவரே மிகுதி. மலிவான உழைப்பாக வரவேற்கப்பட்ட இவர்கள், பாதை முடிந்து பொருளாதார நெருக்கடி தோன்றியதும் வெள்ளைத் தொழிலாளரின் பகைவராகச் சித்திரிக்கப்பட்டனர். இதன் விளைவே 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம். இச்சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடை செய்தது. குடியுரிமை பெறும் வாய்ப்பினையும் மறுத்தது. 1880இல் 105,465ஆக இருந்த சீனரின் தொகை 1920இல் 61,639ஆகக் குறைந்தது.

தொகையினும் முக்கியமானது அதன் அமைப்பு. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஒரு சீனப் பெண்ணுக்கு ஏறத்தாழ இருபத்தேழு சீன ஆண்கள் இருந்தனர். தொழிலாளி தன் மனைவியை அழைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. வணிகர் அழைத்துக்கொள்ளலாம். எனவே, தொடக்ககாலத்திற் பிள்ளை பெற்று வளர்க்கும் வாய்ப்பே பெரிதும் வணிக வர்க்கத்தின் சலுகையாக இருந்தது. சீனப் பாடசாலையின் முதற்றலைமுறை மாணவர் யாவர் என்ற வினாவிற்கான விடை கொன்பியூசியசின் நூல்களில் இல்லை. குடிவரவுச் சட்டத்திலேயே உள்ளது.

பொதுக் கல்வியும் இவர்களுக்கு எளிதிற் கிடைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனருக்கென 1859இல் திறக்கப்பட்ட அரசாங்கப் பாடசாலை 1871இல் மூடப்பட்டது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் வரி செலுத்திய சீனரின் பிள்ளைகளுக்கு அந்நகரின் பொதுப் பாடசாலைகளிற் கதவு அடைபட்டிருந்தது. 1885இல், மேமி டேப் என்னும் சிறுமியின் பெற்றோர் தொடுத்த வழக்கிலே, கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் அவளுக்குக் கல்வி மறுக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. உடனே மாநிலச் சட்டமன்றம் தனிப் பாடசாலைகளுக்கு இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது. நகர நிருவாகம் சீனருக்கெனத் தனிப் பாடசாலை ஒன்றைத் திறந்தது. நீதிமன்றம் ஒரு கையாற் கொடுத்ததைச் சட்டமன்றம் மறு கையாற் பறித்துக்கொண்டது எனலாம். கலக்க மறுத்தவர் யார், கலக்க விடாதவர் யார் என்பதை இந்நிகழ்ச்சி ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றது.

இச்சூழ்நிலையிலேயே சீனமொழிக் கல்வி அங்கு வேர்கொண்டது. முதலில், தனி ஆசிரியர் சிலர் தம் இருப்பிடத்திற் பிள்ளைகள் சிலரைக் கூட்டிவைத்துப் பழைய முறையில் நூல்களை மனனஞ் செய்வித்தனர். 1880களில் சீனப் பேரரசின் தூதரகமும் ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்பும் இணைந்து சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொதுப் பாடசாலையை அமைத்தன. 1908இல் சிங் அரசு லியாங் சிங்குவெய் என்னும் அதிகாரியை வட அமெரிக்காவிற்கு அனுப்பிற்று. அவரது முயற்சியாற் பல நகரங்களிற் சீனப் பாடசாலைகள் தோன்றின. முன்னர் கடல் கடந்தோரைக் கைவிட்டவராகவே கருதிய அரசு, இப்பொழுது அவர்தம் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டதேன்? கடல் கடந்தோர் அனுப்பிய பணமும், அவர்களிடையே பரவத் தொடங்கிய புரட்சிக் கருத்துகளுமே காரணம். 1909இற் சிங் அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், சீனத் தந்தைக்குப் பிறந்த பிள்ளை எந்நாட்டிற் பிறப்பினும் சீனக் குடியே என்றது. அமெரிக்க உயர் நீதிமன்றமோ 1898இலேயே, அமெரிக்க மண்ணிற் பிறந்த சீனப்பிள்ளை அமெரிக்கக் குடியே எனத் தீர்ப்பளித்திருந்தது. ஒரே பிள்ளைக்கு இரு அரசுகள் உரிமை கொண்டாடின. நடைமுறையில் ஒன்று அப்பிள்ளையை ஏற்க மனமற்றிருந்தது. மற்றொன்று காப்பாற்ற வலிமையற்றிருந்தது.

சீனாவின் உள்நாட்டு அரசியற் பிளவுகளும் இப்பாடசாலைகளில் எதிரொலித்தன. ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் 1911இல் ஒன்றுக்கொன்று போட்டியாக இரு சீனப் பாடசாலைகள் எழுந்தன. ஒன்று லியாங் சிச்சாவ் போன்ற முடியாட்சிச் சீர்திருத்தவாதிகளைப் பின்பற்றியோரால் நிறுவப்பட்டது. மற்றது சுன் யாட் சென்னின் குடியரசுவாதிகளால் நிறுவப்பட்டது. மொழிப் பாடசாலை எக்காலத்தும் மொழியை மட்டும் கற்பித்ததில்லை.

2. பாடசாலையின் தொழிற்பாடு

பிற்பகலில் அமெரிக்கப் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வீடு சென்று சிற்றுண்டி அருந்திவிட்டு, மாலை ஐந்து மணியளவிற் சீனப் பாடசாலைக்குச் செல்வர். இரவு ஏழரை அல்லது எட்டு மணிவரை வகுப்பு நடைபெறும். சனிக்கிழமைகளிலும் பாடம் உண்டு. எழுத்துகளைத் தூரிகையால் எழுதிப் பழகுதல், பாடத்தை உரத்த குரலில் ஒருமித்து ஓதுதல், மனனஞ் செய்து ஒப்புவித்தல், கடிதம் எழுதுதல் என்பன பயிற்சியின் முக்கிய கூறுகளாம். 1911 புரட்சிக்குப் பின்னர், பழைய நூல்களின் இடத்தைப் படிப்படியாகச் சீனாவில் அச்சிடப்பட்ட புதிய பாடநூல்கள் பிடித்தன.

இத்துணை உழைப்பைப் பிள்ளைகளிடம் பெற்றோர் ஏன் வேண்டினர்? விடை நகரின் பொருளியல் அமைப்பில் உள்ளது. விலக்குச் சட்டக் காலத்திற் சீனர் செய்யக்கூடிய தொழில்கள் சலவை, உணவுச்சாலை, சிறுகடை, தையல் என ஒடுங்கிவிட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற சீன இளைஞருக்குங்கூட 1930களில் வெளியே தகுந்த வேலை கிடைப்பது அரிதாயிருந்தது. சீன நகரின் உள்ளேயோ கடைக் கணக்கு, வணிகக் கடிதம், சங்கப் பதிவேடு, செய்தித்தாள், ஊருக்குப் பணத்துடன் அனுப்பும் கடிதம் யாவும் சீனத்திலேயே நடைபெற்றன. எனவே சீனம் கற்றல் என்பது பழம்பெருமை பேணல் மாத்திரமன்று. பிழைப்பதற்கான கருவியைப் பெறுதலுமாகும். 1936இல் நியூயோர்க்கின் சீன இளைஞர் கழகமொன்று நடத்திய கட்டுரைப் போட்டிக்குக் கொடுக்கப்பட்ட பொருள், எம் எதிர்காலம் சீனாவிலா அமெரிக்காவிலா என்பதேயாகும். முதற் பரிசு பெற்றவர் அமெரிக்கா என்றார். இரண்டாம் பரிசு பெற்றவர் சீனா என்றார். அங்கு பிறந்து வளர்ந்த இளைஞரிடையே இவ்வினா எழ முடிந்தது என்பதே அக்காலத்தின் நிலையைக் காட்டப் போதுமானது.

இவ்விடத்திற் ‘தாய்மொழி’ என்னும் சொல்லையும் சற்று ஆராய்தல் வேண்டும். வீட்டிற் பிள்ளை கேட்டது பெரும்பாலும் தொய்சான் போன்ற நாட்டுப்புற வழக்கு. பாடசாலையிற் கற்றதோ, எல்லாச் சீனருக்கும் பொதுவான எழுத்துமொழியை கண்டன் நகரத்தாரின் உச்சரிப்பில் வாசிப்பதாகும். சலவைத் தொழிலாளியின் மகன் தன் தாயின் மொழியைக் கற்கப் பாடசாலை சென்றானல்லன். தன் தாய் பேசாத, ஆயின் தன் தாயின் மொழியினும் உயர்ந்ததென மதிக்கப்பட்ட ஒரு வழக்கினையே கற்கச் சென்றான். பேச்சுவழக்கிற்கும் எழுத்துவழக்கிற்குமிடையே உள்ள இடைவெளி தமிழராகிய எமக்குப் புதியதன்று. அவ்விடைவெளியிற் சமூக மேல்-கீழ் நிலைகள் உறைந்து கிடக்கின்றன என்பதும் நாம் அறிந்ததே.

பாடசாலையை நடத்தியோர் ஊர்ச் சங்கங்களின் தலைமையிலிருந்த வணிகர். ஆயின் அதனாற் பயன்பெற்றோர் அவர்கள் மட்டுமல்லர். இருவரும் நாள் முழுதும் உழைத்த பெற்றோருக்குப் பிள்ளைகள் மாலையிற் பாதுகாப்பாயிருந்த இடம் அது. பகலில் இனப்பெயர் சொல்லி இகழப்பட்ட பிள்ளைகள் தம்மைப் போன்றோருடன் இருந்த இடமும் அதுவே. கருத்துநிலையில் அது பழமையைப் போதித்தது. நடைமுறையில் ஓர் ஒடுக்கப்பட்ட கூட்டத்தினருக்குத் தற்காப்பாகவும் தொழிற்பட்டது. இவ்விரட்டைத் தன்மையை உணராதார் அதனை வெறும் பிற்போக்கென ஒதுக்குவர், அல்லது தூய பண்பாட்டுப் பணியெனப் போற்றுவர்.

3. சட்டத்தின் முன் மொழிப் பாடசாலை

முதலாம் உலகப் போரையொட்டி எழுந்த தேசியவெறி, பிறமொழிக் கல்வியை ஐயத்துடன் நோக்கலாயிற்று. நெபிராஸ்கா மாநிலம் இளம் பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பித்தலைக் குற்றமாக்கிய சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1923இற் செல்லாதாக்கியது. அவ்வழக்கு ஜெர்மானிய மொழி பற்றியது. ஹவாயில் யப்பானிய, கொரிய, சீனப் பாடசாலைகளைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் இயற்றப்பட்ட சட்டங்களும் 1927இல் அதே நீதிமன்றத்தால் நிராகரிக்கப்பட்டன. இவை பெற்றோரின் உரிமைக்குக் கிடைத்த வெற்றிகள். ஆயின் அதே 1927ஆம் ஆண்டிற்றான், மிசிசிப்பி மாநிலத்திற் சீனச் சிறுமி ஒருத்தியை வெள்ளையர் பாடசாலையினின்றும் விலக்கியது சரியே என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியே நடத்தும் பாடசாலையை மூடவும் கூடாது. பொதுப் பாடசாலையில் இடங்கொடுக்கவும் வேண்டியதில்லை. இரு தீர்ப்புகளையும் இணைத்துப் பார்க்கும்பொழுது, முதலாளித்துவ தாராளவாதத்தின் எல்லை துலக்கமாகின்றது. தனிச்சொத்தாகவும் தனி ஒப்பந்தமாகவும் இருக்கும்வரை உரிமை காக்கப்பட்டது. சமத்துவமாகக் கோரப்பட்டபொழுது அது மறுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹவாயின் பிறமொழிப் பாடசாலைகள் மூடப்பட்டன. 1943இல் அங்கு இளம் பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பித்தலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. போரிற் சீனா அமெரிக்காவின் நேசநாடு என்பதை இங்கு நினைவு கூரல் வேண்டும். அதே 1943இல் விலக்குச் சட்டமும் நீக்கப்பட்டது. எனினும் ஆண்டொன்றுக்கு 105 சீனருக்கே குடிபுக இடமளிக்கப்பட்டது. ஹவாய்ச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றஞ் சென்றவை சீனப் பாடசாலைச் சங்கங்களே. கீழ் நீதிமன்றத்தில் அவை வென்றன. 1949இல் உயர் நீதிமன்றம் நடைமுறைக் காரணங்களைக் காட்டி அத்தீர்ப்பினைத் தள்ளிற்று.

4. இலக்கியச் சான்று

சட்டமும் புள்ளிவிவரமும் காட்டாத ஒன்றை இலக்கியம் காட்டவல்லது. அது, வரலாறு தனிமனிதரின் உள்ளத்தில் விட்டுச்செல்லும் தழும்பு. இவ்வகையில் இரு பெண் எழுத்தாளரின் நூல்கள் குறிப்பிடத்தக்கன.

ஜேட் சினோ வொங் என்பாரின் ‘ஐந்தாவது சீன மகள்’ 1950இல் வெளிவந்த தன்வரலாறு. தந்தையார் சான் பிரான்சிஸ்கோவில் உடைகள் தைக்கும் சிறு தொழிலகம் நடத்தியவர். சீனக் கல்வியும் அமெரிக்கக் கல்வியும் ஒருங்கே பெற்று, கட்டுப்பாட்டாலும் உழைப்பாலும் முன்னேறிய மகளின் கதையாக அந்நூல் அமைந்துள்ளது. அமெரிக்க அரசு அதனைப் பல ஆசிய மொழிகளிற் பெயர்த்து வெளியிட்டதும், 1953இல் ஆசிரியரை ஆசிய நாடுகளுக்குச் சொற்பொழிவுப் பயணம் அனுப்பியதும் தற்செயலானவையல்ல. சீனாவிற் புரட்சி வென்றுவிட்ட நிலையில், அமெரிக்காவில் உழைக்கும் சீனர் உயர முடியும் என்று ஆசியாவுக்குக் காட்டவேண்டிய தேவை இருந்தது. நூலாசிரியரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயின் நேர்மையான அனுபவமும் எவ்வாறு ஒரு கருத்துநிலைக்குப் பயன்படுத்தப்படலாம் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

மக்சீன் ஹொங் கிங்ஸ்டனின் ‘போர்வீராங்கனை’ 1976இல் வெளிவந்தது. இவர் ஸ்டொக்டன் நகரிற் சலவைக்கடை நடத்திய பெற்றோருக்குப் பிறந்தவர். நூலின் இறுதிப் பகுதியில் அமெரிக்கப் பாடசாலையில் வாய் திறவாத சிறுமி ஒருத்தி வருகிறாள். பகலில் ஊமைபோல் இருக்கும் பிள்ளைகள் மாலையிற் சீனப் பாடசாலையில் ஒருமித்துக் கூவி ஓதுகின்றனர். இடைவேளையில் ஓடி ஆடி ஆரவாரிக்கின்றனர். ‘நான்’ என்பதைச் சீனத்தில் எழுத ஏழு கோடுகள் வேண்டும். ஆங்கிலத்திலோ மூன்றே கோடுகள். இத்துணைச் சிறிய எழுத்து எவ்வாறு ‘நான்’ ஆகலாம் என்று சிறுமி திகைக்கிறாள். ஆயின் கிங்ஸ்டன் சீனப் பாடசாலையைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. ஆசிரியரின் முன் தனியே நின்று ஒப்புவிக்க நேரும்பொழுது அங்கும் அச்சிறுமியின் குரல் உடைகின்றது. கூட்டாக ஓதுகையில் இருக்கும் குரல் தனித்து நிற்கையில் இல்லை. பெண் என்பதாலும் ஏழை என்பதாலும் சீனர் என்பதாலும் அழுத்தப்பட்ட குரலை மொழிப் பாடசாலை மட்டும் மீட்டுத்தர முடியாது என்பதை இதனினும் கூர்மையாகக் கூறிய கட்டுரை எதனையும் நாம் கண்டதில்லை.

5. 1965இன் பின்னர்: இரு வர்க்கங்கள், இரு பாடசாலைகள்

போருக்குப் பின்னர் அமெரிக்கப் பொருளாதாரம் விரிந்தது. தொழில், குடியிருப்பு ஆகியவற்றில் இருந்த தடைகள் தளர்ந்தன. ஆங்கிலம் வல்ல சீன இளைஞர் சீன நகரைவிட்டு வெளியேறினர். சீனமொழியின் பொருளியற் பயன் குறைந்ததும் பாடசாலையின் பிடியும் தளர்ந்தது. மறுபுறம், 1949இன் பின்னர் சீன நகர்ச் சங்கங்கள் பலவும் தாய்வானிலிருந்த குவோமிந்தாங் அரசின் செல்வாக்கிற்குள் இருந்தன. அங்கிருந்தே பாடநூல்களும் வந்தன. இடதுசாரிச் சார்புடைய சீனத் தொழிலாளர் அமைப்புகளும் செய்தித்தாளும் 1950களிற் கண்காணிப்புக்கும் வழக்குகளுக்கும் ஆளாகின. எந்தச் சீனாவைப் பற்றிப் பிள்ளை கற்கலாம் என்பதும் இவ்வாறு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது.

1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நிலைமையை அடியோடு மாற்றியது. 1960இல் ஏறத்தாழ 237,000ஆக இருந்த சீனர் தொகை இன்று ஐம்பது இலட்சத்தை எட்டியுள்ளது. இச்சட்டம் இரு வாயில்களைத் திறந்தது. ஒன்று குடும்ப உறவின்வழி, மற்றது தொழிற்றகைமையின்வழி. முதல் வாயிலால் வந்தோரிற் பெரும்பாலோர் தையற்சாலைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் சென்றனர். 1982இல் நியூயோர்க்கின் சீன நகரில் ஏறத்தாழ 20,000 தையற் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தத்தை வென்றெடுத்தமை இவர்தம் வரலாற்றில் ஒளிமிக்க நிகழ்ச்சி. இரண்டாம் வாயிலால் வந்தோர் பொறியியலாளர், விஞ்ஞானிகள், மருத்துவர். முதலில் தாய்வானிலிருந்தும், 1979இல் ராஜதந்திர உறவு ஏற்பட்டபின் சீன மக்கள் குடியரசிலிருந்தும் மாணவராக வந்து தங்கியோர் இவர்கள். 1992இற் சீன மாணவர் பாதுகாப்புச் சட்டத்தினால் ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் நிரந்தர வதிவுரிமை பெற்றனர்.

இதன் விளைவாகப் புதியவகைப் பாடசாலை தோன்றிற்று. புறநகரில், வார இறுதியில், வாடகைக்கு எடுத்த உயர்நிலைப் பாடசாலைக் கட்டடத்தில், இரண்டு மூன்று மணிநேரம் நடைபெறுவது அது. ஊர்ச் சங்கமோ தூதரகமோ அதனை நடத்துவதில்லை. பெற்றோரே ஆசிரியர், பெற்றோரே நிருவாகிகள். ஆய்வுகூடத்தில் வாரம் முழுதும் பணிபுரிந்தவர் ஞாயிறன்று கரும்பலகை முன் நிற்கிறார். மொழிவகுப்பினைத் தொடர்ந்து கணிதம், சித்திரம், நடனம், சதுரங்கம் என வகுப்புகள் நீளும். பிள்ளை வகுப்பிலிருக்கையிற் பெற்றோர் வெளியிற் கூடி, எந்தப் பல்கலைக்கழகத்திற்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, எந்தப் பகுதியில் வீடு வாங்குவது என உரையாடுவர். சமூகவியலாளர் மின் ஷோ போன்றோர் இப்பாடசாலைகளை மொழிக்கு அப்பாற்பட்ட துணைக்கல்வி அமைப்பின் பகுதியாகக் கண்டு விளக்கியுள்ளனர். அக்கணிப்பு பொருத்தமானதே. ஆயின் அத்துணைக்கல்வி எல்லா வர்க்கத்தாருக்கும் ஒரே அளவிற் கிட்டுவதில்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். உணவுச்சாலையில் வார இறுதியே மிகுந்த வேலையுள்ள காலம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் காரில் ஏற்றிச் செல்ல அங்குள்ள தொழிலாளிக்கு நேரமும் இல்லை, காரும் இல்லை.

நகரின் உட்பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளின் பிரச்சினை வேறாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1,800 பேர் எவ்வித துணைப் பயிற்சியுமின்றி ஆங்கில வகுப்பில் உட்கார்த்தப்பட்டிருந்தனர். 1974இல், லாவ் வழக்கில், ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் கொடுப்பது சமத்துவமாகாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. இருமொழிக் கல்வி இயக்கத்திற்கு இத்தீர்ப்பு பெருந்துணையாயிற்று. வீட்டுமொழியைப் பொதுப் பாடசாலையின் பொறுப்பாக்கியமையே இதன் சிறப்பு. கலிபோர்ணிய வாக்காளர் 1998இல் இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கினர். 2016இல் அத்தடையை நீக்கினர்.

இவ்வரலாற்றில் ஒரு முரண்பாட்டையும் மறைக்கலாகாது. 1971இற் சான் பிரான்சிஸ்கோவில் இனப்பிரிவினையை ஒழிப்பதற்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் வேற்றுப் பகுதிப் பாடசாலைகளுக்கு அனுப்ப நீதிமன்றம் பணித்தபொழுது, சீனப் பெற்றோர் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். சீன நகரிற் ‘சுதந்திரப் பாடசாலை’களைத் திறந்தனர். பிள்ளைகள் மாலைச் சீன வகுப்பிற்கு உரிய நேரத்தில் திரும்ப முடியாது என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. 1885இல் ஒதுக்கப்பட்டதற்கெதிராகப் போராடிய மக்களின் வழிவந்தோர், கறுப்பினப் பிள்ளைகளுடன் கலத்தலுக்கெதிராக மொழியை முன்வைத்தனர். மொழியுரிமை தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அது எவ்வணியில் நிற்கின்றது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

6. எவ்வெழுத்து? எவ்வழக்கு?

சீன மக்கள் குடியரசு 1956இல் எழுத்துச் சீர்திருத்தத்தையும் 1958இல் பின்யின் என்னும் உரோம எழுத்து முறையையும் கொணர்ந்தது. பெருந்திரளான மக்களை எழுத்தறிவு பெறச்செய்தலே இதன் நோக்கம். தாய்வானில் மரபான எழுத்துகளும், 1918இல் வெளியிடப்பட்ட ஒலிக்குறி முறையும் தொடர்ந்தன. இவ்வேறுபாடு அமெரிக்கப் புறநகரிலும் பாடசாலைகளை இரண்டாக்கிற்று. 1994ஆம் ஆண்டிலேயே சீனப் பாடசாலைகளின் இரு வேறு தேசியக் கூட்டமைப்புகள் தோன்றின. ஒன்று பெரிதும் தாய்வான் வழிவந்தோரது. மற்றது மக்கள் குடியரசிலிருந்து வந்தோரது. இரு தரப்பு அரசுகளும் கடல் கடந்தோருக்கென உள்ள தம் அலுவலகங்கள் வாயிலாகப் பாடநூல்களை வழங்கின. 1908இற் சிங் அரசு செய்ததைப் புதிய அரசுகள் புதிய வடிவிற் செய்தன.

இரு தரப்பாரும் ஒன்றுபட்ட இடம் ஒன்றுண்டு. இருவரும் மண்டரின் என்னும் பொதுமொழியையே கற்பித்தனர். இருப்புப்பாதை அமைத்தோரின் தொய்சான் வழக்கும், ஒரு நூற்றாண்டு சீன நகரை ஆண்ட கண்டன் மொழியும் பின்தள்ளப்பட்டன. 1980களின் பின்னர் நியூயோர்க்கிற்கு வந்த பூஜோ நகரப் பகுதித் தொழிலாளரின் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும், ‘மரபுரிமை’ எனப் பிறிதொரு மொழியும், பாடசாலையில் ஆங்கிலமுமாக வளர்கின்றனர். மருத்துவமனையிலும் வாடகை அலுவலகத்திலும் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லப் பிள்ளைக்கு வேண்டியது தாயின் வழக்கே. அதற்குப் பாடநூல் இல்லை; சான்றிதழும் இல்லை. அமெரிக்கத் தேர்வு நிறுவனம் 1994இற் பல்கலைக்கழக அனுமதிக்கான தேர்வுகளிலும் 2007இல் உயர்நிலைத் தேர்விலும் சீனத்தைச் சேர்த்துக்கொண்டபொழுது, அங்கும் இடம்பெற்றது மண்டரினே. உலகச் சந்தையிற் சீனா பெற்ற நிலை, மொழிகளின் விலையையும் நிர்ணயித்துவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றினின்றும் சில முடிபுகளைப் பெறலாம். முதலாவது, சீனப் பாடசாலை ஒரே நிறுவனமாகத் தொடர்ந்து வந்ததன்று. விலக்கப்பட்ட மக்களின் பிழைப்புக் கருவியாக அது தோன்றிற்று. அந்நிலை மாறியபொழுது தளர்ந்தது. பின்னர் கல்வி பெற்ற நடுத்தர வர்க்கத்தின் முன்னேற்றக் கருவியாக மறுபிறப்பெடுத்தது. பெயர் ஒன்றே; தொழிற்பாடு வேறு. இரண்டாவது, மரபுரிமை எனக் கையளிக்கப்படுவது முழு மரபுமன்று. அரசும் வணிகரும் கற்றோரும் சந்தையும் தத்தம் காலத்தில் தெரிந்தெடுத்த ஒரு பகுதியே அது. மூன்றாவது, வாரத்தில் இரண்டு மணிநேர வகுப்பு ஒரு மொழியை வாழவைத்துவிடாது. குடியேறியோரின் மொழி மூன்றாந் தலைமுறையில் வழக்கொழிதல் அமெரிக்காவிற் பலமுறை கண்ட உண்மை. புதிதாக மக்கள் வந்துகொண்டிருப்பதும், அம்மொழியாற் செய்யவேண்டிய வேலைகள் இருப்பதுமே ஒரு மொழியை வாழவைக்கின்றன. பாடசாலை அதற்குத் துணைபுரியலாம்.

இதனாற் பாடசாலை வீண் என்பது எமது கருத்தன்று. வெளியில் மதிக்கப்படாத ஒரு மொழியை மதித்த இடம், குரலற்ற பிள்ளைகள் ஒருமித்துக் குரலெழுப்பிய இடம் அது. அதனைக் காப்பது நியாயமே. ஆயின் காக்க விரும்புவோர் கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் உள. யாருடைய வழக்கைக் கற்பிக்கிறோம்? யாருடைய பிள்ளைகள் வரமுடியாதிருக்கின்றனர்? தனியார் வகுப்போடு நின்றுவிடாது, பொதுப் பாடசாலையிலும் அம்மொழிக்கு இடங் கேட்கிறோமா? 1983இன் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராகச் சென்று குடியமர்ந்த நாடுகளிலும் இன்று வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் நடைபெறுகின்றன. அவற்றை நடத்துவோருக்கும் சீனரின் நூற்றாண்டு கடந்த இவ்வனுபவம் அதே வினாக்களை முன்வைக்கின்றது. விடைகள் மொழிப்பற்றின் அளவிற் கிடைக்கமாட்டா. அம்மொழியைப் பேசும் உழைக்கும் மக்களின் வாழ்க்கையோடு பாடசாலை எத்துணை நெருங்கி நிற்கின்றது என்பதிலேயே அவை கிடைக்கும்.